நாய்க்குத் தின்பண்டம் வாங்கினால் பொட்டலத்தை எறியாதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாங்கள் குடியிருக்கும் தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலம். இப்போது வேலிக்கு அப்பால் செம்பனை நிற்கிறது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த என் தலைமுறைக்கு நாய் என்றால், மிச்சச் சோற்றையும் கருவாட்டுத் தலையையும் தின்றுவிட்டு வாசலில் படுத்திருக்கும் காவல்தான். நாய்க்கென்று தனியாகக் காசு கொடுத்துத் தின்பண்டம் வாங்குவது எங்கள் பிள்ளைகள் காலத்தில் வந்த பழக்கம். அது தவறான பழக்கம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரிசியையும் மீனையும் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்கும் நாம், இந்தத் தின்பண்டங்களை மட்டும் எதையும் பார்க்காமல் வாங்குகிறோம்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். எங்கள் நாய் மணிக்கு அப்போது எட்டு வயது. உலர்த்திய கோழி இறைச்சிப் பட்டை, கண்ணாடிப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை ஸ்டேப்ளர் ஊசியால் அடைத்தது, பெயரோ தேதியோ இல்லாதது. நாளுக்கு இரண்டு பட்டை என்று கொடுத்து வந்தோம். ஒரு வாரத்துக்குள் மணி தண்ணீர்ச் சட்டியை விட்டு நகராமல் குடிக்கத் தொடங்கியது, ஓயாமல் சிறுநீர் கழித்தது, பிறகு சோற்றை வெறுத்து வாந்தி எடுத்தது. ஈப்போவில் கால்நடை மருத்துவர் அதன் சிறுநீரில் ஒரு சோதனைத் தாளை நனைத்துக் காட்டினார். சர்க்கரைக்குரிய கட்டம் நிறம் மாறியிருந்தது. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை சரியான அளவில்தான் இருந்தது. “பாக்கெட்டைக் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கடைசிப் பட்டையைக் கொடுத்த அன்றே பையைக் குப்பையில் போட்டிருந்தேன். மணி தேறுவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. அந்தக் கோழிப் பட்டைதான் காரணம் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதை நிறுவுவதற்கு என் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

மருத்துவர் ஏன் அந்தக் கேள்வியை உடனே கேட்டார் என்பதற்கு ஒரு நீண்ட பின்னணி உண்டு. 2007 முதல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத்துக்கு, உலர் இறைச்சிப் பட்டைகளைத் தின்ற நாய்கள் நோயுற்றதாகப் புகார்கள் வரத் தொடங்கின. அவற்றில் பெரும்பாலானவை சீனாவில் தயாரான கோழி, வாத்துப் பட்டைகளையும், சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுற்றிய பட்டைகளையும் பற்றியவை. 2015 இறுதிக்குள் ஏறத்தாழ 5,200 புகார்கள் சேர்ந்திருந்தன. 6,200க்கும் மேற்பட்ட நாய்கள் பாதிக்கப்பட்டதாகவும் 1,140க்கும் மேற்பட்டவை இறந்ததாகவும் அவற்றில் பதிவாகியிருந்தது. பத்தில் ஆறு புகார்கள் வயிற்றுக் கோளாறு பற்றியவை, மூன்று சிறுநீரகம் பற்றியவை. இரத்தத்தில் சர்க்கரை கூடாமலேயே சிறுநீரில் சர்க்கரை இறங்கும் ஃபான்கோனி நோய்க்குறி, வேறு எப்போதும் அரிதாகவே காணப்படுவது, இந்த நாய்களில் அடிக்கடி தென்பட்டது. அத்தனை ஆண்டு ஆய்வுக்குப் பிறகும் இன்ன பொருள்தான் காரணம் என்று அவர்களால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. இடையில் 2013 ஜனவரியில், நியூயார்க் மாநில வேளாண் துறை சில பட்டைகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் எச்சத்தைக் கண்டுபிடித்தது. நோய்க்கு அந்த எச்சம் காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று நிர்வாகம் கருதியது. இருந்தாலும் பெரிய நிறுவனங்கள் தங்கள் பட்டைகளைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டன, அதன் பிறகு புகார்கள் வெகுவாகக் குறைந்தன.

ஆய்வுக்கூடம் விடை காணாத இடத்திலும், வீட்டுக்காரர்கள் தனித்தனியாகக் கொடுத்த புகார்கள் ஒன்றுசேர்ந்தபோது ஒரு பொதுவான போக்கு தெரிந்தது. தின்பண்டத்தின் பெயர், தயாரான நாடு, எந்தத் தவணையில் தயாரானது என்று காட்டும் தொகுதி எண் போன்ற விவரங்கள் உள்ள புகார்கள்தான் இதற்கு உதவும். செல்லப் பிராணி உணவின் மீதான அரசுக் கண்காணிப்பு பல நாடுகளில் பெருமளவுக்கு இப்படித்தான் நடக்கிறது. அமெரிக்காவில்கூடச் செல்லப் பிராணி உணவு விற்பனைக்கு வருமுன் அரசின் முன் அனுமதி பெறவேண்டிய தேவையில்லை. தயாரிப்பாளரே பாதுகாப்புக்குப் பொறுப்பு, அதிகாரிகள் ஆலைகளைச் சோதிப்பார்கள், மாதிரி எடுப்பார்கள், கேடு தெரிந்தால் திரும்பப் பெறச் செய்வார்கள். கடையில் தொங்கும் ஒவ்வொரு பொட்டலத்தையும் யாரோ ஓர் அதிகாரி பார்த்துத்தான் அனுப்பியிருப்பார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையல்ல.

மலேசியாவில் இதற்கான சட்டம் 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தீவனச் சட்டம், அதாவது சட்டம் 698. அரசுக் கடிதங்களில் ‘அக்தா மக்கானான் ஹைவான் 2009’ என்று காண்பீர்கள். பேச்சில் நாம் ‘வெட்டரினார்’ என்று சொல்லும் கால்நடைச் சேவைத் துறை இதைச் செயல்படுத்துகிறது. விலங்குத் தீவனத்தின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதும், தீவனம் விலங்குக்குத் தீங்கு செய்யாததாகவும் மாசு கலக்காததாகவும் இருக்கச் செய்வதும் இதன் நோக்கம். நுழைவாயில்களில் சரக்கைச் சோதிக்கும் பொறுப்பு மாக்கிஸ் என்னும் தனிமைப்படுத்தல், சோதனைச் சேவைத் துறையிடம் இருந்தது, 2025 முதல் அது எல்லைக் கட்டுப்பாட்டு, பாதுகாப்பு முகமையிடம் போயிருக்கிறது. மனிதர் உண்ணும் பொருளுக்கு வேறு சட்டம், வேறு அமைச்சு. ஆகவே நாய்த் தின்பண்டத்தைப் பற்றிய புகாரைச் சுகாதார இலாகாவுக்குக் கொண்டுபோனால் அங்கிருந்து உங்களை வேறிடத்துக்கு அனுப்புவார்கள், ஒரு நாள் வீணாகும். இன்னொன்றையும் என் கருத்தாகச் சொல்கிறேன். இந்தச் சட்டத்தின் அக்கறை, நாம் சாப்பிடும் கோழியும் ஆடும் எதைத் தின்கின்றன என்பதில்தான் முதலில் நிற்கிறது. வீட்டு நாய்க்கும் பூனைக்கும் அது பயன்பட வேண்டுமானால், அவற்றை வளர்ப்பவர்கள் வாய் திறந்தால்தான் ஆகும்.

வாங்கும்போது பொட்டலத்தின் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தயாரான நாடு, மலேசிய இறக்குமதியாளரின் பெயர், உட்பொருள் பட்டியல், காலாவதி நாள், தொகுதி எண் ஆகியவை அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். தொகுதி எண்ணைப் பல நிறுவனங்கள் பொட்டலத்தின் ஒட்டிய ஓரத்திலோ அடியிலோ, கைபட்டால் அழியும் மையில் அடித்திருக்கும். அமெரிக்கப் பொட்டலமாக இருந்தால் தேதியில் மாதம் முதலில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். 05/11 என்பது அங்கே மே 11, நமக்கு நவம்பர் 5. ‘இன்ன நாட்டில் பொட்டலமிடப்பட்டது’ என்பதும் ‘இன்ன நாட்டில் தயாரானது’ என்பதும் வேறு வேறு. முதலாவது மட்டும் இருந்தால் இறைச்சி எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. இறக்குமதியாளரின் பெயர் இல்லாத வெளிநாட்டுப் பொட்டலத்தை நான் வாங்குவதில்லை. விலை இரண்டு வெள்ளி (ரிங்கிட்) குறைவாக இருக்கலாம், ஆனால் சிக்கல் வந்தால் இந்த நாட்டில் பதில் சொல்ல ஆள் இருக்காது. இணையக் கடையில் வாங்குவதானால், விற்பவரிடம் பின்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

எங்கள் ஊர் போன்ற தோட்டப் பட்டணங்களில் இதைவிடப் பெரிய சிக்கல் உதிரியாக விற்பது. பெரிய மூட்டையை அவிழ்த்துவைத்து, நாய் பிஸ்கட்டை ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கிறார்கள். ஒரே நேரத்தில் முழு மூட்டைக்குக் காசு கொடுக்க முடியாதவர்களுக்கு அது உதவி என்பதை நான் அறிவேன். ஒருமுறை அப்படி வாங்கப் போன கடையில், அவிழ்த்த மூட்டைக்கு ஒரு முழத் தூரத்தில் புல் மருந்துக் கலன்கள் நின்றன. மேல் தட்டில் எலி மருந்துக் கட்டிகள் திறந்த பெட்டியில் இருந்தன. அள்ளும் குவளை மூட்டைக்குள்ளேயே புதைந்து கிடந்தது. “அண்ணே, மூட்டைமேல இருக்கிற நம்பரை போட்டோ எடுத்துக்கலாமா?” என்று கேட்டேன். “அதுல என்ன டீச்சர் இருக்கு, எடுத்துக்குங்க” என்றார். அடுத்த முறை போனபோது மூட்டை வேறு மூலையில், மூடியுள்ள பீப்பாய்க்குள் இருந்தது. உதிரியாக வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், மூட்டையின் பெயரையும் தொகுதி எண்ணையும் காலாவதி நாளையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துச் சாமான்களுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தொடாதீர்கள், எண்ணெய் சிக்கிய நாற்றமோ பூசண நாற்றமோ அடித்தால் திரும்பி வந்துவிடுங்கள். இறைச்சித் தின்பண்டத்தை மட்டும் உதிரியாக வாங்கவே வேண்டாம்.

முகர்ந்து பார்ப்பது எல்லாவற்றையும் காட்டிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். சோளம், கடலை போன்றவற்றில் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. பூசணம் கண்ணுக்குத் தெரியாமலும் நஞ்சு இருக்கும், வேகவைத்தாலும் அது போகாது, நாயின் ஈரலைத்தான் முதலில் தாக்கும். 2020 இறுதியில் அமெரிக்காவில் அந்த நஞ்சு கலந்த உலர் உணவைத் தின்ற நாய்களில் 110க்கும் மேற்பட்டவை இறந்ததாகப் பதிவானது. அங்கே செல்லப் பிராணி உணவில் அதற்கு வைத்திருக்கும் எல்லை 100 கோடியில் 20 பங்கு. அவ்வளவு சிறிய அளவை மூக்கு பிடிக்காது. நம் ஊரின் ஈரப்பதம் இந்தப் பூசணத்துக்கு ஏற்ற சூழல் என்பதால், ஆலையிலிருந்து நன்றாக வந்த உணவும் நம் வீட்டில் கெடலாம்.

அதனால் உணவைக் கொண்டுவந்ததும் டப்பாவில் கொட்டாதீர்கள். பொட்டலத்தோடு அப்படியே இறுக்கமான மூடியுள்ள டப்பாவுக்குள் இறக்கி வையுங்கள். ஈரம் ஏறாது, தொகுதி எண்ணும் தொலையாது. டப்பாவைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். பழைய தூளின்மேல் புதியதைக் கொட்டாமல், டப்பாவைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த பொட்டலத்தை வையுங்கள். பொட்டலம் தீர்ந்த பிறகும் ஒரு மாதம் அதை மடித்து வைத்திருங்கள். நஞ்சின் விளைவு சில நேரம் வாரங்கள் கழித்தே வெளிப்படுகிறது. அந்த நேரத்தில் குப்பை வண்டி போய்ப் பல நாள் ஆகியிருக்கும்.

கெட்ட தின்பண்டத்தால் வீட்டிலுள்ள மனிதருக்கும் ஆபத்து உண்டு. 2019இல் அமெரிக்காவில், உலர்த்திய பன்றிக் காதுகளை நாய்க்குக் கொடுத்த வீடுகளில் சால்மொனெல்லா கிருமி பரவி 150க்கும் மேற்பட்ட மனிதர்கள் நோயுற்றனர். பல மருந்துகளுக்கு அடங்காத வகைக் கிருமி அது. உலர்த்திய காது, குளம்பு, தோல் ஆகியவற்றில் இந்தக் கிருமி உயிரோடு இருக்கும். நாய் எந்த அறிகுறியும் காட்டாமல் அதைச் சுமந்து திரியவும் கூடும். தின்பண்டத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு இருபது நொடி தேய்த்துக் கழுவுங்கள். கைக்குழந்தையும், முதியவரும், கர்ப்பிணியும் உள்ள வீட்டில் இத்தகைய விலங்குறுப்புத் தின்பண்டங்களைத் தவிர்ப்பதே நல்லது. தின்பண்டம் கடித்துக்கொண்டிருந்த நாய் உடனே குழந்தையின் முகத்தை நக்குவதைப் பார்த்துச் சிரிக்கும் வீடுகள் உண்டு. அதைத் தடுக்கவேண்டும்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் அளவு, ஒரு நாளின் மொத்த ஆற்றல் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது. பத்து கிலோ எடையுள்ள நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 600 கலோரி தேவை என்றால் தின்பண்டத்துக்கு 60தான். கோழிப் பட்டை கிடைக்காத நாளில் வேகவைத்த பூசணித் துண்டோ, உப்பும் மசாலாவும் இல்லாத கோழித் துண்டோ போதும், மணி அதற்கும் வாலாட்டுகிறது. வீட்டிலிருந்து கொடுக்கக்கூடாதவை வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு, பாயசத்து உலர்திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு. தீபாவளி நேரத்தில் இவை நான்கும் ஒரே தட்டில் சேர்ந்துவிடுகின்றன.

நாயோ பூனையோ நோயுற்றால், முதல் வேலை அந்தத் தின்பண்டத்தை நிறுத்துவது. வீட்டில் வேறு பிராணிகள் இருந்தால் அவற்றுக்கும் நிறுத்துங்கள். வாந்தி, இரத்தம் கலந்த பேதி, வழக்கத்துக்கு மீறிய தாகம், ஓயாத சிறுநீர், ஈறும் கண்ணும் மஞ்சளாவது, காரணமில்லாமல் உடலில் இரத்தக் கன்றல், ஒரு நாளுக்கு மேல் உணவைத் தொடாமல் சுருண்டு கிடப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது பொட்டலத்தையும் மீதித் தின்பண்டத்தையும் கொண்டுபோங்கள். இறைச்சிப் பட்டை தின்ற நாய் என்றால், சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும்படி நீங்களே கேளுங்கள். எந்த நாளிலிருந்து, நாளுக்கு எத்தனை கொடுத்தீர்கள், முதல் அறிகுறி எந்த நாளில் தெரிந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பதற்றத்தில் நாள்கணக்கு குழம்பிவிடும். தோட்டத்துப் பக்கம் அலையும் நாயாக இருந்தால், எலி மருந்தோ மருந்து தின்ற எலியோ வாயில் பட்டிருக்கலாம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அதற்குரிய மருத்துவம் வேறு.

மீதித் தின்பண்டத்தில் ஒரு பகுதியைச் சுத்தமான பையில் போட்டு, காற்று புகாமல் கட்டி, பெயரும் தேதியும் எழுதி உறைபெட்டியில் வையுங்கள். பிள்ளைகள் எடுத்துவிடாதபடி ‘சாப்பிடக்கூடாது’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பிராணி இறந்துவிட்டால், அந்தத் துயரத்திலும் ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கும். உடலைப் புதைப்பதற்கு முன் மருத்துவரிடம் உடற்கூறு ஆய்வு பற்றிக் கேளுங்கள். உடலை உறையவைத்தால் திசுக்கள் சிதைந்துவிடும், குளிரூட்டி வைப்பதே ஆய்வுக்கு உதவும், நம் வெயிலில் சில மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது. நாட்டின் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் ஈப்போவிலேயே இருப்பது எங்கள் வட்டாரத்தாருக்கு ஒரு வசதி. மாதிரியை நீங்களே தூக்கிக்கொண்டு போகாமல், மருத்துவர் வழியாகவோ மாவட்ட வெட்டரினார் அலுவலகம் வழியாகவோ அனுப்புவது நல்லது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு அப்போதுதான் இருக்கும்.

புகாரை மாவட்ட வெட்டரினார் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் சேர்ந்தது என்பதால் எங்களுக்கு அது அந்த மாவட்டத்து அலுவலகம். அரசுத் துறைகளின் பொதுப் புகார் முறையான சிஸ்பா இணையவழியிலும் கொடுக்கலாம். கடிதத்தை மலாயில் எழுதுவது வேலையை விரைவாக்கும். மலாயில் எழுதத் தயங்கும் பெரியவர்களுக்கு இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். தின்பண்டத்தின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள், இறக்குமதியாளர், வாங்கிய கடை, வாங்கிய நாள், கொடுத்த அளவு, அறிகுறிகள், மருத்துவரின் முடிவு ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். ‘நஞ்சு வைத்துவிட்டார்கள்’ என்று எழுதாதீர்கள். நீங்கள் கண்டதை நீங்கள் சொல்லுங்கள், காரணத்தை ஆய்வுக்கூடம் சொல்லட்டும். படங்களையும் மருத்துவ அறிக்கையின் நகலையும் இணையுங்கள். மூலப் பொட்டலத்தை அதிகாரி கேட்டால், அதற்கு ஒரு பற்றுச்சீட்டு வாங்காமல் கொடுக்காதீர்கள். பொருளின் பெயரை வாட்சாப் குழுவில் பரப்பிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் பலர். அந்தச் செய்தி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதில்லை, ஆதாரமில்லாமல் ஒரு நிறுவனத்தைக் குற்றம் சாட்டிய வம்பு மட்டும் மிஞ்சும்.

மருத்துவச் செலவை ஈடுகேட்க வேண்டும் என்றால் அது வேறு வழி. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ள பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் கோரவேண்டும். ரசீது இங்கே உயிர்நாடி. வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும் என்பதால், வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே விவரம் கேட்க விரும்புபவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதலாம்.

பிராணிக்காக இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2007ஐ நினைவூட்டுவேன். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசையத்தில், புரதம் கூடுதலாக இருப்பதுபோல் சோதனையில் காட்டுவதற்காக மெலமைன் என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள் கலக்கப்பட்டிருந்தது. அந்த மார்ச் மாதத்தில் வட அமெரிக்காவில் ஒரே தயாரிப்பாளர் 6 கோடிக்கும் மேற்பட்ட டப்பாக்களையும் உறைகளையும் திரும்பப் பெற்றார். நாய், பூனைகளின் சிறுநீரகத்தில் படிகங்கள் அடைத்திருந்தன. 2004இல் ஆசிய நாடுகளில் நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததற்கும் இதே காரணம்தான் என்று பிறகுதான் தெரியவந்தது. 2007க்கு அடுத்த ஆண்டு, 2008இல், அதே மெலமைன் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் இருந்தது. ஏறத்தாழ 3,00,000 குழந்தைகள் நோயுற்றனர், ஆறு குழந்தைகள் இறந்தனர்.

புகார்க் கடிதத்தின் இரண்டு பிரதிகளைக் கொண்டுபோங்கள். ஒன்றை முகப்பில் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதைக் காட்டும் ‘தெரிமா’ முத்திரையும் தேதியும் வாங்கி, மடித்த பொட்டலத்தோடு சேர்த்து வையுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்தத் தேதியைச் சொல்லித்தான் மறுபடி கேட்கவேண்டும்.